கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆயுதத் தேர்வின் வரலாறு

ஆர்பிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், விளையாடுபவர் ஒரு கற்பனை மாந்தரை ஏற்று, அவரை வளர்த்து, ஆபத்துகளின் ஊடே நடத்திச் செல்கிறார். அந்த மாந்தரின் கையில் எந்த ஆயுதம் இருக்க வேண்டும், உடலில் எந்தக் கவசம் இருக்க வேண்டும், பையில் எதை வைத்துக்கொண்டு எதை விட்டுச்செல்ல வேண்டும் என்று முடிவெடுப்பது இவ்வகை விளையாட்டுகளின் அடிப்படைச் செயல்களில் ஒன்று. 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஒரு மேசை விளையாட்டின் விலைப்பட்டியலில் தொடங்கிய இந்த வழக்கம், இன்று உண்மையான பணம் புரளும் ஒரு தொழிலின் பகுதியாக வளர்ந்துள்ளது.

இரண்டு வாள்களில் ஒன்று எல்லா வகையிலும் மேலானது என்றால் அங்கே தேர்வு என்பதற்கு இடமில்லை. கணக்குப் போட்டாலே போதும். ஆகவே பணம், அறிவு, சுமை, இடம், நேரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றாக்குறையாக வைத்தே வடிவமைப்பாளர்கள் தேர்வுக்குப் பொருள் கொடுத்தனர். எந்தப் பற்றாக்குறை எந்த விளையாட்டில் வைக்கப்பட்டது, அது நீங்கியபோது என்ன நேர்ந்தது என்பதைப் பின்தொடர்ந்தால் ஆயுதத் தேர்வின் வரலாறு விளங்கும்.

மேசை விளையாட்டில் தொடக்கம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974 இல் வெளிவந்தது. பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போரிடும் விளையாட்டு மரபிலிருந்து இது பிறந்தது. படைகளுக்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாந்தரை நடத்த வேண்டும் என்பதே இதில் புதியது. ஒரு படைக்கு ஆயுதம் தருவதும் ஒரு ஆளுக்கு ஆயுதம் தருவதும் வேறு வேறு. ஆள் என்று வந்ததும் அவர் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, எவ்வளவு சுமக்க முடியும் என்ற கேள்விகளும் வந்துவிட்டன.

புதிய மாந்தரை உருவாக்கும்போது ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டி, கிடைத்த கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்க வேண்டும். அதுவே அவருடைய தொடக்கப் பொற்காசு. குறைந்தது 30, அதிகபட்சம் 180. விலைப்பட்டியலில் ஈட்டி 1 காசு, குத்துவாள் 3, வாள் 10, இருகை வாள் 15, நெடுவில் 40. தோல் கவசம் 15, சங்கிலிக் கவசம் 30, தகட்டுக் கவசம் 50. இவற்றோடு கயிறு, தீப்பந்தம், உணவு ஆகியவற்றுக்கும் காசு வேண்டும். பகடையில் குறைவாக விழுந்தவர் தகட்டுக் கவசத்தை வாங்கினால் இருட்டில் நடக்க வேண்டியதுதான்.

முதல் பதிப்பில் ஒரு முரண் இருந்தது. பட்டியலில் ஆயுதங்கள் பலவாக இருந்தாலும், எதைக் கொண்டு தாக்கினாலும் சேதம் ஒரே ஒரு ஆறு முகப் பகடைதான். 1 காசு ஈட்டியும் 15 காசு இருகை வாளும் ஒரே அளவு காயப்படுத்தின. 1975 இல் வந்த கிரேஹாக் என்ற இணைப்பு நூல் இதை மாற்றியது. குத்துவாளுக்கு நான்கு முகப் பகடை, வாளுக்கு எட்டு முகம், இருகை வாளுக்குப் பத்து முகம் என்று ஆயுதத்துக்கு ஏற்பச் சேதம் பிரிக்கப்பட்டது. இந்த மாற்றத்துக்குப் பிறகே எந்த ஆயுதம் என்ற கேள்விக்கு எண்களில் ஒரு விடை கிடைத்தது.

அந்த விடை எல்லோருக்கும் ஒன்றாகிவிடாதபடி தடுத்தவை வகுப்பு விதிகள். மந்திரவாதி குத்துவாளைத் தவிர வேறு ஆயுதம் ஏந்தக் கூடாது. மதகுரு கூர்மையான ஆயுதங்களைத் தொடக் கூடாது. கதாயுதம் போன்றவை மட்டுமே அவருக்கு உரியவை. போர்வீரருக்குத் தடை ஏதுமில்லை. பின்னால் வந்த கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையை ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டன.

ஆயுதப் பெயர்கள் வந்த வழி

இன்றைய விளையாட்டுகளில் காணப்படும் கவசப் பெயர்கள் பலவும் இடைக்கால ஐரோப்பாவிலிருந்து நேரடியாக வந்தவை அல்ல. வளையக் கவசம், பட்டைக் கவசம் போன்ற வகைகள் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சாமுவேல் ரஷ் மேரிக் உள்ளிட்ட பிரித்தானியத் தொல்பொருள் ஆர்வலர்களின் வகைப்பாட்டிலிருந்து வந்தவை. பழைய ஓவியங்களிலும் கல்லறைச் சிற்பங்களிலும் கவசம் வெவ்வேறு விதமாக வரையப்பட்டிருப்பதைக் கண்ட அவர்கள், ஒவ்வொரு வரைமுறையும் ஒரு தனி வகைக் கவசத்தைக் குறிப்பதாகக் கருதினர். அவற்றில் பலவும் ஒரே சங்கிலிக் கவசத்தைக் கலைஞர்கள் வெவ்வேறு முறையில் காட்டியவை என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. மேசை விளையாட்டு அப்பெயர்களை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அவை கணினிக்குச் சென்றன.

எடையிலும் இத்தகைய விலகல் உண்டு. ஐரோப்பிய ஒருகை வாள்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோ வரையே எடை கொண்டவை. முழுத் தகட்டுக் கவசம் ஏறத்தாழ 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். அந்த எடை உடல் முழுவதும் பரவி நிற்பதால், பழகியவர் அதை அணிந்து ஓடவும் குதிரை ஏறவும் முடிந்தது. விளையாட்டுகளிலோ கனத்த கவசம் அணிந்தவர் தள்ளாடி நடப்பார். வலிமையான கவசத்துக்கு ஏதேனும் ஒரு விலை இருக்க வேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர்கள் வைத்த சுமை அது.

அறியாமை ஒரு விதி: ரோக்

1975 வாக்கில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையமைப்பில் மாணவர்கள் நிலவறை விளையாட்டுகளை எழுதத் தொடங்கியிருந்தனர். ஆயினும் ஆயுதத் தேர்வுக்குப் புதிய பொருள் தந்தது, மைக்கேல் டாய், கிளென் விச்மன் ஆகியோர் உருவாக்கி, கென் ஆர்னால்ட் துணையுடன் வளர்ந்த ரோக் என்ற விளையாட்டு. 1980 இல் உருவான இது பெர்க்லி யூனிக்ஸ் அமைப்புடன் சேர்ந்து பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. திரையில் படங்கள் கிடையாது. எழுத்துகளும் குறிகளும் மட்டுமே.

ரோக்கில் கடை இல்லை. விளையாடுபவர் ஒரு கதாயுதம், ஒரு குறுவில், சில அம்புகள், ஒரு வளையக் கவசம், கொஞ்சம் உணவு ஆகியவற்றோடு நிலவறையில் இறங்குவார். மற்றவை எல்லாம் தரையில் கிடப்பவை. கிடப்பது என்ன என்று தெரியாது என்பதே ரோக்கின் சிறப்பு. ஒரு கவசம் கிடைத்தால் அது வலுவூட்டப்பட்டதா, சபிக்கப்பட்டதா என்பது அணிந்த பிறகே தெரியும். சபிக்கப்பட்டதை அணிந்துவிட்டால் கழற்ற முடியாது. மருந்துகள் நிறத்தாலும் மந்திரச் சுருள்கள் புரியாத தலைப்புகளாலும் குறிக்கப்பட்டன. அந்த அடையாளங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறின. சென்ற ஆட்டத்தில் நீல மருந்து காயம் ஆற்றியது என்ற அனுபவம் இந்த ஆட்டத்தில் உதவாது. இறந்தால் ஆட்டம் முடிந்தது; பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை.

கவசத்தைத் துருப்பிடிக்கச் செய்யும் ஓர் உயிரினமும் அங்கே இருந்தது. தோல் கவசம் துருப்பிடிக்காது. ஆகவே பட்டியலில் கடைசியில் இருக்கும் தோல் கவசத்துக்கும் ஒரு நேரம் வந்தது. துருப்பிடிக்கும் இரும்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த விலங்கோடு போரிடுவது அறிந்தவர்களின் வழக்கமாயிற்று.

ரோக்கின் வழித்தோன்றலான நெட்ஹேக் 1987 இல் வெளிவந்தது. பொருளின் சாபத்தை அணியாமலே கண்டுபிடிக்க அது வழிகள் வைத்தது. பலிபீடத்தின் மேல் பொருளைப் போட்டால், சபிக்கப்பட்டதற்குக் கருப்பு ஒளியும் ஆசி பெற்றதற்கு மஞ்சள் கலந்த ஒளியும் தோன்றும். பலிபீடம் அருகில் இல்லையென்றால் வளர்ப்பு நாயைக் கவனிக்கலாம். சபிக்கப்பட்ட பொருள் கிடக்கும் இடத்தில் நாய் தயங்கித்தான் கால் வைக்கும். பணத்தைக் காட்டிலும் கூர்ந்து கவனிப்பதற்கே இவ்விளையாட்டுகளில் மதிப்பு இருந்தது.

குழுவும் வணிகரும்: விசர்ட்ரி

ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் ஆகியோர் உருவாக்கிய விசர்ட்ரி 1981 இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. இதில் விளையாடுபவர் ஆறு பேர் கொண்ட குழுவை நடத்துவார். முன்வரிசையில் நிற்கும் மூவர் மட்டுமே ஆயுதத்தால் தாக்க முடியும். பின்வரிசை மூவர் மந்திரத்தையே நம்ப வேண்டும். எனவே எதை வாங்குவது என்ற கேள்வியோடு யாருக்கு வாங்குவது என்ற கேள்வியும் சேர்ந்தது. ஒருவருக்கு நல்ல கவசம் வாங்கினால் இன்னொருவர் வெறும் அங்கியோடு நிலவறைக்குள் போவார். ஒவ்வொருவரும் எட்டுப் பொருட்களை மட்டுமே வைத்திருக்கலாம் என்பதும் விதி.

நகரத்தில் இருந்த ஒரே வணிகர் போல்டாக். நிலவறையிலிருந்து கொண்டுவரும் அடையாளம் தெரியாத பொருள் என்ன என்று அவர் சொல்வார். அதற்கு நல்ல கட்டணமும் வாங்குவார். கட்டணத்தைத் தவிர்க்க, பொருட்களை அடையாளம் காணும் திறமை பெற்ற ஆயரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆயர் மெதுவாகவே வளர்வார். தவறினால் சபிக்கப்பட்ட பொருள் அவர் உடலிலேயே ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

பணத் தட்டுப்பாட்டை மீற ஆட்டக்காரர்கள் ஒரு வழி கண்டனர். புதிய மாந்தர்களை உருவாக்கி, அவர்களின் தொடக்கக் காசை ஒருவரிடம் சேர்த்துவிட்டு, அவர்களை அழித்துவிடுவது. ஒரு விளையாட்டு வைக்கும் பற்றாக்குறையைச் சுற்றிக்கொண்டு போக ஆட்டக்காரர்கள் முயல்வது இவ்வரலாற்றில் தொடர்ந்து காணப்படும் போக்கு. இத்தகைய குறுக்குவழிகள் பின்னால் பெரும் விளைவுகளை ஏற்படுத்தின.

நூற்றிருபது பொற்காசு: டிராகன் குவெஸ்ட்

யூஜி ஹோரி வடிவமைத்து எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட டிராகன் குவெஸ்ட், 1986 மே மாதம் ஜப்பானில் ஃபேமிகாம் கருவிக்கு வந்தது. விசர்ட்ரி, அல்டிமா போன்ற அமெரிக்க விளையாட்டுகளை விரும்பிய ஹோரி, அவற்றை ஒருபோதும் ஆடாத சிறுவர்களுக்கும் புரியும்படி எளிமையாக்கினார். இதில் ஒரே ஒரு வீரர்தான். அவருக்கு ஒரு நேரத்தில் ஓர் எதிரிதான். ஆயுதத் தேர்வை மாணவர்கள் ஒரு சிறு கணக்காகவே ஆராய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஆட்டத்தின் தொடக்கத்தில் அரசர் 120 பொற்காசு தருகிறார். அரண்மனையை அடுத்த ஊரின் கடையில் மூங்கில் கழி 10 காசு, தடி 60, செம்பு வாள் 180. துணி உடை 20, தோல் கவசம் 70, சிறு கேடயம் 90. அருகில் காயம் ஆற்றும் மூலிகை 24 காசுக்குக் கிடைக்கும். மூங்கில் கழி தாக்குதலுக்கு 2 புள்ளி சேர்க்கும், தடி 4, செம்பு வாள் 10. துணி உடை தற்காப்புக்கு 2, தோல் கவசம் 4, கேடயம் 4.

செம்பு வாள் கைக்கெட்டாத விலை. தடியையும் தோல் கவசத்தையும் சேர்த்து வாங்கலாம் என்று நினைத்தால் 130 காசு ஆகிறது. பத்துக் காசு குறைகிறது. எனவே தடியும் துணி உடையும் 80 காசுக்கு வாங்கி, மிச்சத்தில் ஒரு மூலிகையும் எடுத்துக்கொள்ளலாம். அல்லது மூங்கில் கழியும் தோல் கவசமும் அதே 80 காசுக்கு வாங்கலாம். முதல் வழியில் தாக்குதல் 4, தற்காப்பு 2; இரண்டாம் வழியில் அது தலைகீழ். மூன்றாவதாக, கழி, துணி உடை, கேடயம் மூன்றையும் எடுத்தால் தற்காப்பு 6 ஆகும். கையில் இருந்த 120 காசும் சரியாகத் தீர்ந்துவிடும். மூலிகைக்கு எதுவும் மிஞ்சாது. எதுவுமே வாங்காமல் வெறுங்கையால் சண்டையிட்டுக் காசு சேர்த்துச் செம்பு வாளை வாங்குவதும் ஒரு வழிதான்.

இவற்றில் எது சரி என்பதற்கு ஒரே விடை இல்லை. ஆட்டக்காரர் எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு துணிச்சல்காரர் என்பதைப் பொறுத்து அது மாறும். புதியதை வாங்கும்போது பழையதைக் கடைக்காரர் பாதி விலைக்கே எடுத்துக்கொள்வார் என்பதால், அவசரமாக வாங்குவது நட்டத்தில் முடியும். ஆறு பொருட்களும் ஒரு மூலிகையும் கொண்ட சிறிய கடை இது. ஆனாலும் பத்துக் காசுக் குறைவு அதை உண்மையான தேர்வாக்கிவிட்டது.

உடல் உருவமும் பையும்

ஆயுதம் என்பது அதுவரை பட்டியலில் ஒரு வரியாக இருந்தது. 1987 டிசம்பரில் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த டஞ்சன் மாஸ்டர், மாந்தரின் உடல் உருவத்தைத் திரையில் வரைந்து, தலை, கழுத்து, மார்பு, கால், பாதம், இரு கைகள் என்று தனித்தனி இடங்களைக் காட்டியது. ஆட்டக்காரர் மௌஸால் பொருளை எடுத்து உரிய இடத்தில் வைப்பார். பொருளுக்கு எடையும் உண்டு. சுமை மிகுந்தால் குழு மெதுவாக நடக்கும். இந்த உடல் உருவத் திரை பின்னர் இத்துறையின் பொது வழக்கமாயிற்று.

பிளிசார்ட் நார்த் உருவாக்கி, 1996 இன் கடைசி நாட்களில் வெளிவந்த டயாப்லோ, பையையும் கண்ணுக்குத் தெரியும் இடமாக மாற்றியது. பத்துக் கட்டம் அகலமும் நான்கு கட்டம் உயரமும் கொண்ட பை அது. மொத்தம் நாற்பது கட்டங்கள். மருந்துக் குப்பி ஒரு கட்டம், வாள் மூன்று கட்டம், உடற்கவசம் ஆறு கட்டம் பிடிக்கும். பொற்காசும் இடம் பிடித்தது. ஒரு கட்டத்தில் 5000 காசுதான் அடங்கும். பை நிறைந்தபின் தரையில் ஒரு நல்ல கவசம் கிடந்தால், எதையாவது எறிந்தாக வேண்டும்.

பகடையும் நிறமும்: டயாப்லோ

டயாப்லோவின் முக்கியமான பங்களிப்பு, ஆயுதங்களை வடிவமைப்பாளர் ஒவ்வொன்றாக எழுதி வைக்காமல் கணினியே பிறப்பிக்கச் செய்தது. ரோக், அதன் வழிவந்த மோரியா, ஆங்பேண்ட் ஆகியவற்றிலிருந்து இம்முறை வளர்ந்தது. ஒரு சாதாரண வாளுக்கு முன்னொட்டு ஒன்றும் பின்னொட்டு ஒன்றும் சேரும். முன்னொட்டு சேதத்தைக் கூட்டலாம். பின்னொட்டு தாக்கும் வேகத்தைக் கூட்டலாம். ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்குள் தற்செயலான எண்ணைப் பெறும். ஒரே பெயர் கொண்ட இரண்டு வாள்கள்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கெயின் என்ற முதியவர் 100 காசு வாங்கிக்கொண்டு பொருளை அடையாளம் காட்டுவார். அந்த நொடிக்காகவே ஆட்டக்காரர்கள் நிலவறைக்கும் ஊருக்கும் இடையே அலைந்தனர்.

2000 ஆம் ஆண்டில் வந்த டயாப்லோ 2 பொருட்களை நிறத்தால் வரிசைப்படுத்தியது: சாதாரணம் வெள்ளை, மந்திரம் நீலம், அரியது மஞ்சள், தொகுப்பைச் சேர்ந்தது பச்சை, தனித்துவமானது பொன்னிறம். எண்களைப் படிக்கும் முன்பே நிறம் ஆசையை எழுப்பிவிடும். நிறமில்லாப் பொருட்களை யாரும் குனிந்து எடுப்பதில்லை என்ற நிலை வந்தது. 2001 இல் வந்த விரிவாக்கம் இதற்கு ஒரு மாற்று வைத்தது. துளையிட்ட சாதாரண ஆயுதத்திலோ கவசத்திலோ மந்திர எழுத்துகள் பொறித்த கற்களைச் சரியான வரிசையில் பதித்தால் அது பெரும் ஆற்றல் பெறும். எல்லோரும் தாண்டிச் சென்ற வெறும் கவசத்துக்கு இதனால் மதிப்பு ஏறியது.

ஆனால் இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடியபோது பண்டமாற்று பெருகியது. விளையாட்டின் பொற்காசுக்கு மதிப்பில்லாமல் போனதால், ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் என்ற மோதிரம் நாணயமாகப் புழங்கியது. அதைத் திருட்டுத்தனமாக நகலெடுக்கும் வழிகளும் பரவின. விளையாட்டுக்கு வெளியே உண்மையான பணத்துக்குப் பொருட்கள் விற்கப்பட்டன.

பகிர்வும் சண்டையும்

1999 இல் வந்த எவர்குவெஸ்ட், 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகியவற்றில் ஆயுதத் தேர்வு ஒரு சமூகச் சிக்கலாக மாறியது. நாற்பது பேர் சேர்ந்து பல மணி நேரம் போராடி ஒரு பூதத்தை வீழ்த்துவார்கள். அது விட்டுச்செல்வது சில பொருட்களை மட்டுமே. யாருக்கு எது என்று முடிவெடுக்க வேண்டும். பல பொருட்கள் எடுத்தவரோடு பிணைந்துவிடும். பிறகு அவரால் விற்கவோ கொடுக்கவோ முடியாது. விற்பனையைத் தடுக்க வைத்த இந்த விதி, ஒவ்வொரு பங்கீட்டையும் திருத்த முடியாத தீர்ப்பாக்கியது.

இதற்கு ஆட்டக்காரர்களே ஒரு முறை வகுத்தனர். எவர்குவெஸ்ட்டின் ஆஃப்டர்லைஃப் என்ற குழுவில் தோன்றிய டிகேபி முறையில், போருக்கு வந்தவர்களுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. பொருள் கிடைக்கும்போது அப்புள்ளிகளைச் செலவிட்டு அதைப் பெறலாம். வருகைப் பதிவேடும் கணக்குப் புத்தகமும் வைத்த இக்குழுக்கள் சிறு கூட்டுறவுச் சங்கங்களைப் போல இயங்கின. எந்த ஆயுதத்தைக் கண்டாலும் அது தங்களுக்கே உரியது என்று கேட்பவர்கள் என்று வேட்டைக்கார வகுப்பினரைப் பற்றி உருவான கேலி இன்றும் வழங்குகிறது.

பின்னர் கியர்ஸ்கோர் என்ற துணைநிரல், ஒருவர் அணிந்திருப்பதை எல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டியது. அறிமுகமில்லாதவர்களைக் குழுவில் சேர்க்கும்போது அந்த எண்ணைக் கேட்பது வழக்கமாயிற்று. ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதைவிட என்ன அணிந்திருக்கிறார் என்பது முதலில் பார்க்கப்பட்டது. 2011 இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஒரு பொருளின் ஆற்றலை வைத்துக்கொண்டு இன்னொரு பொருளின் தோற்றத்தை அணியும் வசதியைச் சேர்த்தது. அழகும் வலிமையும் அதன்பின் தனித்தனித் தேர்வுகளாயின.

ஏலக்கூடம் வைத்த சோதனை

2012 மே மாதம் வெளிவந்த டயாப்லோ 3, வெளியே நடந்துவந்த வணிகத்தை உள்ளே கொண்டுவந்து முறைப்படுத்த முயன்றது. பொற்காசுக்கு ஓர் ஏலக்கூடமும், ஜூன் மாதம் முதல் உண்மைப் பணத்துக்கு மற்றொன்றும் திறக்கப்பட்டன. ஒரு பொருளை 250 அமெரிக்க டாலர் வரை விலை வைத்து விற்கலாம்; நிறுவனம் ஒரு கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். ஏமாற்று வணிகத்தைத் தடுப்பது இதன் நோக்கம்.

விளைவு வேறாக அமைந்தது. ஒருவர் பல மணி நேரம் ஆடிப் பெறும் வாளைவிட, உலகம் முழுவதும் உள்ளவர்கள் விற்க வைத்த வாள்களில் சிறந்தது எப்போதும் மேலானதாகவே இருந்தது. தேடுபொறியில் தேவையான எண்களை இட்டால் அது சில நொடிகளில் கிடைக்கும். அடையாளம் தெரியாத பொருளைத் திறந்து பார்க்கும் ஆவல் குறைந்தது. கிடைத்ததை அணிவதா என்ற கேள்வி போய், என்ன விலைக்கு விற்கலாம் என்ற கேள்வி வந்தது. பூதங்களைக் கொல்வதைவிட ஏலப் பட்டியலைப் பார்ப்பதே முன்னேறும் வழி என்று பலர் உணர்ந்தனர்.

ஏலக்கூடம் விளையாட்டின் அடிப்படை இன்பத்தையே கெடுக்கிறது என்று 2013 செப்டம்பரில் பிளிசார்ட் ஏற்றுக்கொண்டது. 2014 மார்ச் 18 அன்று இரண்டு ஏலக்கூடங்களும் மூடப்பட்டன. அதையொட்டி வந்த மாற்றங்களில், பொருட்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஆடுபவரின் வகுப்புக்குப் பொருத்தமாக விழத் தொடங்கின. மிகச் சிறந்த பொருட்களை விற்க முடியாதபடி அவரவர் கணக்கோடு பிணைத்தனர். பெருநிறுவனம் ஒன்று தான் திறந்த சந்தையைத் தானே மூடிய அரிய நிகழ்வு இது.

இதே காலத்தில் கைபேசி விளையாட்டுகளில், காசு கொடுத்துக் குலுக்கலில் ஆயுதமோ மாந்தரோ பெறும் கச்சா முறை வளர்ந்தது. அதன் ஒரு கடுமையான வடிவத்தை ஜப்பானிய அரசு 2012 இல் சட்டத்துக்குப் புறம்பானது என அறிவித்தது. காசு கொடுத்துத் திறக்கும் குலுக்கல் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்று 2018 இல் பெல்ஜியம் வகைப்படுத்தியது. நிலவறையில் உருண்ட பகடை இப்போது பணப்பையின் மீது உருள்வதால் சட்டமும் இதில் தலையிடுகிறது.

கைக்குத் திரும்பிய ஆயுதம்

வேறு சில விளையாட்டுகள் எண்களுக்கு அப்பால் தேர்வைத் தேடின. 1998 இல் வந்த பால்டர்ஸ் கேட்டில், அந்நாட்டின் இரும்புச் சுரங்கங்கள் கெட்டுப்போனதால் சாதாரண ஆயுதங்கள் சண்டையின் நடுவே உடைந்துபோகும். எனவே மாற்று வாள் ஒன்றைச் சுமந்து திரிய வேண்டியிருக்கும். கதையின் மையச் சிக்கல் ஆட்டக்காரரின் கையில் உடையும் வாளாகவே தெரியவருகிறது.

ஹிடெடாகா மியாசாகி இயக்கத்தில் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட டார்க் சோல்ஸ், நேரத்தையும் உடலசைவையும் தேர்வின் மையமாக்கியது. ஒவ்வொரு வகை ஆயுதத்துக்கும் தனி வீச்சு, தனி வேகம், தனி நீளம். பெரிய வாளை ஓங்கியபின் நிறுத்த முடியாது. வீச்சு முடியும் வரை எதிரிக்கு வாய்ப்பு. சுமக்கக்கூடிய அளவில் 25 விழுக்காட்டுக்குள் அணிந்தால் மாந்தர் விரைவாக உருண்டு தப்புவார். 50 விழுக்காடு வரை நடுத்தரம். அதற்கு மேல் கனத்து விழுவார். நல்ல கவசம் அணிந்து அடியைத் தாங்குவதா, இலேசாக உடுத்து அடியே படாமல் தப்புவதா என்பதை ஒவ்வொருவரும் தம் கைப்பழக்கத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். தாக்குதல் எண் குறைந்த ஆயுதத்தை, அதன் வீச்சு தமக்குப் பழகிவிட்டது என்பதற்காகவே கடைசி வரை வைத்திருப்பவர்கள் உண்டு. 2022 இல் வந்த எல்டன் ரிங் இம்மரபை விரிந்த திறந்த உலகுக்குக் கொண்டுசென்றது.

மதிப்பீடு

ஐம்பது ஆண்டுகளில் ஆயுதங்களின் எண்ணிக்கை சில பத்துகளிலிருந்து கணக்கிட முடியாத அளவுக்குப் பெருகியுள்ளது. ஆனால் எண்ணிக்கை பெருகியதால் மட்டும் தேர்வு ஆழமாகவில்லை. மூன்று ஆயுதங்களை மட்டுமே விற்ற டிராகன் குவெஸ்ட்டின் முதல் கடையில் ஒரு சிறுவன் யோசித்து நின்ற அளவுக்கு, பல்லாயிரம் வாள்கள் குவிந்த ஏலக்கூடத்தில் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே பட்டியலை வரிசைப்படுத்தினாலே விடை கிடைத்தது.

ரோக்கில் அறிவு குறைவு, விசர்ட்ரியில் குழுவின் பணம் குறைவு, டயாப்லோவில் பையின் இடம் குறைவு, டார்க் சோல்ஸில் அசையும் நேரம் குறைவு. ஆட்டக்காரர்கள் இக்குறைவுகளைக் கடக்க எப்போதும் முயன்றனர். முயல்வதும் விளையாட்டின் பகுதிதான். ஆனால் அவை முழுவதுமாக நீங்கிய இடத்தில் ஆயுதம் கையிருப்புச் சரக்காகிவிட்டது. கடையில் நின்று காசை எண்ணிப் பார்த்து, ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்துவிட்டு வந்தவருக்கே, எடுத்து வந்த மூங்கில் கழி அவருடைய ஆயுதமாயிற்று.